முதல் நாளே அமலுக்கு வந்த பிரிவு

2025 நவம்பர் நடுவில் மத்திய அரசு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்பு விதிகளை அரசிதழில் வெளியிட்டது. சட்டம் 2023 ஆகஸ்டிலேயே வந்துவிட்டது. விதிகள் வராததால் இரண்டு வருடத்துக்கு மேல் அது சும்மா கிடந்தது. விதிகள் வந்ததும் எல்லாரும் பேசியது பெரிய விஷயங்களைத்தான்: விதிமீறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம், 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் தரவைத் தொட பெற்றோர் ஒப்புதல், தரவு கசிந்தால் விவரமான அறிக்கையை 72 மணி நேரத்துக்குள் தரவுப் பாதுகாப்பு வாரியத்திடம் கொடுப்பது. எல்லாமே நல்ல ஏற்பாடுகள். ஆனால் இவற்றில் ஒன்றுகூட அன்று அமலுக்கு வரவில்லை. நிறுவனங்கள் தயாராவதற்காக 18 மாத அவகாசம் தரப்பட்டிருக்கிறது. கணக்குப் போட்டால் 2027 மே மாதம்.

உடனே அமலுக்கு வந்தவை எவை என்று பார்த்தால், வரையறைகள், வாரியத்தை அமைப்பது, விதிகள் போடும் அதிகாரம் போன்ற நிர்வாகச் சங்கதிகள். அப்புறம், 44(3).

இந்த 44(3) சட்டத்தின் கடைசிப் பகுதியில் இருக்கிறது. ‘இன்ன சட்டத்தில் இன்ன திருத்தம்’ என்று வரிசையாகச் சொல்லிப் போகும் இடம் அது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் சட்டத்தில் ஒன்று, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் ஒன்று, மூன்றாவதாகத் தகவல் அறியும் உரிமை (ஆர்.டி.ஐ.) சட்டத்தில் ஒன்று. அந்த மூன்றாவது திருத்தம், ஆர்.டி.ஐ. சட்டத்தின் 8(1)(ஜெ) என்ற பிரிவை முழுதாக எடுத்துவிட்டு ஆங்கிலத்தில் ஆறே சொற்களை வைக்கிறது. தமிழில் சொன்னால், ‘தனிப்பட்ட தகவல் தொடர்பான தகவல்’. அப்படிப்பட்ட எதையும் கொடுக்க வேண்டியதில்லை.

பழைய பிரிவு நீளமானது, படிக்கக் கொஞ்சம் சிக்கலானதும்கூட. கேட்கப்படுவது ஒருவரின் தனிப்பட்ட தகவலாக இருக்க வேண்டும். அதற்கும் பொதுக் காரியத்துக்கும் தொடர்பு இருக்கக் கூடாது. அல்லது அதை வெளியிடுவது அவருடைய அந்தரங்கத்தில் தேவையில்லாமல் நுழைவதாக இருக்க வேண்டும். அப்போதுதான் மறுக்கலாம். அப்படி மறுக்கக்கூடிய தகவலாக இருந்தாலும், பெரிய பொதுநலன் இருப்பதாகப் பொதுத் தகவல் அலுவலர் கருதினால் கொடுத்துவிடலாம். இதற்கெல்லாம் கீழே ஒரு வரம்புரை இருந்தது: நாடாளுமன்றத்துக்கோ மாநிலச் சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாத தகவலை எந்த ஒரு நபருக்கும் மறுக்கக் கூடாது.

2005ஆம் ஆண்டுச் சட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த வரி அதுதான். சட்டமன்றத்தில் எழுந்து கேள்வி கேட்கும் உறுப்பினரையும், அவருக்கு ஓட்டுப் போட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து வெள்ளைத்தாளில் மனு எழுதுகிறவரையும் அது ஒரே வரிசையில் நிறுத்தியது. பழைய பிரிவோடு சேர்ந்து அந்த வரியும் போய்விட்டது.

இதனால் நடைமுறையில் என்ன மாறும்? ஒரு ஊராட்சி இணைப்புச் சாலையை எடுத்துக்கொள்வோம். தார் போட்ட ஆறாவது மாதமே பெயர்ந்து ஜல்லி தெரிகிறது. ஊரில் விவரம் தெரிந்த ஒருவர் ஆர்.டி.ஐ. போடுகிறார். முதலில் கேட்பது மதிப்பீட்டு அறிக்கை, பணி ஆணை. ஆனால் உண்மையான சங்கதி இருக்கும் இடம் எம்-புக், அதாவது அளவீட்டுப் புத்தகம். நீளம், அகலம், கனம் என்று கட்டம் கட்டமாக எண்கள் இருக்கும். கீழே, நேரில் போய் அளந்ததாகப் பொறியாளரின் கையெழுத்து. சரிபார்த்ததாக மேலதிகாரியின் கையெழுத்து. அளவை ஒப்புக்கொண்டதாக ஒப்பந்ததாரரின் கையெழுத்து. இதை வைத்துத்தான் பில் பாஸ் ஆகும்.

இனி அந்தப் பக்கத்தின் நகலைக் கேட்டால், அதில் தனிநபர் பெயர்கள் இருக்கின்றன, எனவே இது தனிப்பட்ட தகவல் தொடர்பானது என்று ஒரு வரியில் பதில் எழுதிவிடலாம். ‘தனிப்பட்ட தகவல்’ என்றால் என்ன என்று ஆர்.டி.ஐ. சட்டத்தில் எங்கும் வரையறை கிடையாது. புதிய தரவுச் சட்டத்திலோ வரையறை கடல் மாதிரி: ஒருவரை அடையாளம் காணும்படி அவரைப் பற்றி இருக்கும் எந்தத் தரவும் தனிநபர் தரவு. இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தால் அரசு அலுவலகத்தில் தனிநபர் தரவு இல்லாத கோப்பு என்று ஒன்று இருக்குமா என்பதே சந்தேகம்.

பெயரை மை பூசி மறைத்துவிட்டு எண்களை மட்டும் கொடுக்கலாமே என்று கேட்கலாம். ஆர்.டி.ஐ. சட்டத்தின் 10ஆம் பிரிவில் அதற்கு இடமும் இருக்கிறது. ஆனால் பெயர் இல்லாத எம்-புக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஒரே பொறியாளர் ஒரே நாளில் ஒன்றுக்கொன்று தூரமான மூன்று ஊர்களில் அளந்ததாகக் கையெழுத்துப் போட்டிருந்தால், அந்தப் புளுகு தெரியவருவது பெயரால்தான். ஒரே குடும்பத்து ஆட்களுக்கே திரும்பத் திரும்ப டெண்டர் போகிறதா என்பதும் பெயரால்தான் தெரியும்.

ஆர்.டி.ஐ. சட்டம் பிறந்ததே பெயர்ப் பட்டியலிலிருந்துதான். ராஜஸ்தானில் அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் ஆகியோர் கிராம மக்களோடு சேர்ந்து 1990இல் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். வறட்சி நிவாரண வேலைகளில் கூலி ஒழுங்காக வரவில்லை என்பதுதான் ஆரம்பப் பிரச்சினை. ‘நீ சரியாக வேலை செய்யவில்லை, பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறது’ என்று அதிகாரிகள் சொல்வார்கள். பதிவேட்டைக் காட்டு என்றால் காட்ட மாட்டார்கள், அது அரசு ரகசியம். 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் முதல் ஜன் சுன்வாயி, அதாவது மக்கள் விசாரணை நடந்தது. கிடைத்த பதிவேடுகளை ஊர் நடுவில் உரக்கப் படிப்பார்கள். வேலை பார்த்ததாக எழுதப்பட்ட ஆள் வருடக்கணக்கில் ஊரிலேயே இல்லை என்று ஒருவர் சொல்வார். இன்னொருவர், அவர் செத்தே போய்விட்டாரே என்பார். கணக்கு அங்கேயே கிழிந்துவிடும்.

1996இல் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா நடந்தது. ‘எங்கள் பணம், எங்கள் கணக்கு’ என்பதுதான் கோஷம். அதே வருடம் தகவல் உரிமைக்கான தேசிய அளவிலான இயக்கமும் உருவானது. மாநிலச் சட்டம் என்று பார்த்தால் 1997இல் முந்திக்கொண்டது தமிழ்நாடுதான். ஆனால் அந்தச் சட்டத்தில் தகவலைவிட விலக்குகளே அதிகம் என்று அப்போதே குறை சொன்னார்கள். கடைசியில் 2005 அக்டோபர் 12 அன்று தேசியச் சட்டம் அமலுக்கு வந்தது. பத்து ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில், காரணமில்லாமல் இழுத்தடித்தால் நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் அதிகபட்சம் 25,000 ரூபாய் அபராதம். அதுவும் அதிகாரியின் சொந்தப் பணத்திலிருந்து. இந்தியச் சட்டங்களில் இப்படி ஒன்று அபூர்வம்.

அதை வெட்டிக் குறைக்கும் முயற்சி மறுவருடமே ஆரம்பித்தது. கோப்புகளில் அதிகாரிகள் எழுதும் குறிப்புகளை வெளியிடத் தேவையில்லை என்று 2006இல் ஒரு திருத்தம் கொண்டுவரப் பார்த்தார்கள். போராட்டம் வெடித்ததும் கைவிட்டார்கள். 2019இல் தகவல் ஆணையர்களின் பதவிக்காலத்தையும் சம்பளத்தையும் மத்திய அரசே நிர்ணயிக்கலாம் என்று மாற்றினார்கள். எதிர்ப்பு இருந்தும் அது நிறைவேறியது. நீதிமன்றமும் எல்லா நேரமும் மக்கள் பக்கம் நின்றதாகச் சொல்ல முடியாது. அரசு ஊழியரின் பணிப்பதிவுகள், சொத்து விவரம் ஆகியவை தனிப்பட்ட தகவலே என்று 2012இல் கிரீஷ் தேஷ்பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்குப்பின் அதிகாரிகளுக்குக் கையில் ஒரு ரெடிமேட் பதில் கிடைத்தது. இருந்தாலும் பொதுநலன் இருக்கிறது என்று வாதாட பிரிவிலேயே இடம் இருந்தது. மேல்முறையீட்டில் ஜெயித்தவர்களும் உண்டு.

சரி, அந்தரங்க உரிமையின் கதை என்ன? அதையும் குடிமக்கள்தான் போராடி வாங்கினார்கள். கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி 2012இல் ஆதாரை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார். வழக்கு நடந்தபோது, அந்தரங்கம் ஓர் அடிப்படை உரிமையே அல்ல என்று அரசுத் தரப்பு வாதிட்டது. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, அது அடிப்படை உரிமைதான் என்று தீர்ப்பளித்தார்கள். தரவுப் பாதுகாப்புக்கு ஒரு சட்டம் வேண்டும் என்ற பேச்சு வேகம் எடுத்தது அந்தத் தீர்ப்புக்குப் பிறகுதான். அந்தரங்கம் உரிமையே இல்லை என்று வாதிட்ட அதே அரசுத் தரப்பு, இன்று அந்தத் தீர்ப்பைக் காட்டித்தான் ஆர்.டி.ஐ. திருத்தத்தை நியாயப்படுத்துகிறது.

நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா தலைமையிலான குழு 2018இல் முதல் வரைவைக் கொடுத்தது. அந்த வரைவிலும் ஆர்.டி.ஐ.க்கு ஒரு திருத்தம் இருந்தது என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள். ஆனால் அதில் ஒரு தராசு இருந்தது: தகவல் வெளியானால் அந்த நபருக்குத் தீங்கு நேருமா, அந்தத் தீங்கு பொதுநலனைவிடப் பெரியதா என்று பார்க்க வேண்டும், பெரியது என்றால் மட்டும் மறுக்கலாம். 2019இல் ஒரு மசோதா, 2021இல் நாடாளுமன்றக் கூட்டுக்குழு அறிக்கை, 2022 ஆகஸ்டில் அந்த மசோதா வாபஸ், அதே வருடம் நவம்பரில் புதிய வரைவு என்று சுற்றிச் சுற்றி வந்ததில் அந்தத் தராசு காணாமல் போனது. 2023 ஆகஸ்ட் 3 அன்று அறிமுகமான மசோதா 7ஆம் தேதி மக்களவையில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. மணிப்பூர் விவகாரத்தில் அவை அமளியாக இருந்த நாட்கள் அவை. 9ஆம் தேதி மாநிலங்களவை, 11ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல். ஐந்து வருடம் இழுத்த விஷயம் கடைசி எட்டு நாளில் முடிந்துவிட்டது. முந்தைய வரைவுகளில் பத்திரிகைப் பணிக்கு இருந்த விலக்கும் இறுதிச் சட்டத்தில் இல்லை.

எதிர்ப்புக்கு அரசு இரண்டு பதில்கள் சொல்கிறது. 2025இல் காங்கிரஸ் எம்.பி. ஜெய்ராம் ரமேஷ் எழுதிய கடிதத்துக்கு அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் எழுதிய பதிலின் சாரமும் இந்த வழியில்தான் போகிறது. ஒன்று, சட்டப்படி பொதுவில் வைத்தே ஆகவேண்டிய தரவுக்குத் தரவுச் சட்டம் பொருந்தாது. 3ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. எனவே எதுவும் மறையாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எது ‘பொதுவில் வைத்தே ஆகவேண்டியது’ என்று முடிவு செய்கிற முக்கியமான சட்டமே ஆர்.டி.ஐ.தானே? அங்கே தனிப்பட்ட தகவலைக் கொடுக்க வேண்டியதில்லை என்று எழுதிவிட்டு, இங்கே கொடுக்கக் கட்டாயம் இருந்தால் தடையில்லை என்று சொன்னால், நாய் தன் வாலைத் துரத்திய கதைதான்.

இரண்டாவது பதிலில் கொஞ்சம் சரக்கு இருக்கிறது. ஆர்.டி.ஐ. சட்டத்தின் 8(2) அப்படியே இருக்கிறது. விலக்கு எதுவாக இருந்தாலும், வெளியிடுவதால் வரும் பொதுநலன் தீங்கைவிடப் பெரியது என்றால் அந்த அலுவலகம் தகவலைக் கொடுக்கலாம் என்கிறது அது. ‘கொடுக்கலாம்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். கொடுக்காவிட்டால்? பழைய பிரிவில், மறுக்க வேண்டுமானால் அதிகாரி காரணம் காட்ட வேண்டும். இப்போது, வாங்க வேண்டுமானால் மனுதாரர் காரணம் காட்ட வேண்டும். தகவல் எதற்கு என்று கேட்கவே கூடாது என்று அதே ஆர்.டி.ஐ. சட்டம் 6(2)இல் சொல்கிறது. ஆக, காரணம் சொல்லத் தேவையில்லை, ஆனால் சொல்லாவிட்டால் கிடைக்காது.

பொதுத் தகவல் அலுவலர் பெரும்பாலும் நடுத்தரப் பதவியில் இருப்பவர், மேலே பார்த்துப் பயப்பட நாலு பேர் இருப்பவர். தரவை வெளியிட்டால் 250 கோடி அபராதமாம் என்று ஒரு பயிற்சிக் கூட்டத்தில் கேட்டுவிட்டு வருகிறார். அந்த அபராதம் அவர் தலையில் விழாது. நல்லெண்ணத்தோடு செய்த காரியத்துக்கு ஆர்.டி.ஐ. சட்டத்திலேயே பாதுகாப்பும் இருக்கிறது. ஆனால் அதையெல்லாம் யார் எடுத்துச் சொல்வது? மறுத்துவிட்டால் மேல்முறையீடு, அப்புறம் தகவல் ஆணையம், அங்கே வருடக்கணக்கில் காத்திருப்பு. அதற்குள் அவர் இடம் மாறிப் போயிருப்பார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் மறுக்கத்தான் தோன்றும்.

ஆர்.டி.ஐ. பதில்களால் மக்களின் அந்தரங்கம் பறிபோகிறது என்ற வாதத்தையும் பார்ப்போம். மிரட்டிப் பணம் பறிக்க மனு போடுகிறவர்கள் இருக்கிறார்கள், பக்கத்து வீட்டுச் சண்டைக்காகச் சம்பளச் சீட்டைக் கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்த மாதிரி மனுக்களைத் தடுக்கப் பழைய பிரிவே தாராளமாகப் போதும். பெரிய கசிவுகள் நடந்தது வேறு வழியில். 2017 ஏப்ரலில் ஜார்க்கண்ட் அரசின் சமூகப் பாதுகாப்புத் துறை இணையதளத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஓய்வூதியர்களின் ஆதார் விவரங்கள் திறந்து கிடந்தன. யாரும் பத்து ரூபாய் கட்டி அதைக் கேட்கவில்லை. அரசே தூக்கி வைத்தது. அந்த மாதிரிக் கசிவுக்கு அரசைப் பிடிக்க வேண்டிய தரவுச் சட்டத்திலோ, தன் அமைப்புகளில் எதற்கு வேண்டுமானாலும் அறிவிக்கை மூலம் மத்திய அரசு விலக்குக் கொடுக்க 17ஆம் பிரிவு வழி வைத்திருக்கிறது. நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு என்று காரணம் சொன்னால் போதும். புகாரை விசாரிக்கும் வாரியத்தை நியமிப்பதும் அதே மத்திய அரசுதான்.

கருத்துக் கேட்புக் கதை தனி வேடிக்கை. 2015இல் இணையச் சமவாய்ப்பு (நெட் நியூட்ராலிட்டி) பற்றி டிராய் கருத்துக் கேட்டபோது பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் மின்னஞ்சல் அனுப்பினார்கள். டிராய் அத்தனையையும், அனுப்பியவர்களின் மின்னஞ்சல் முகவரியோடு சேர்த்து, இணையத்தில் போட்டுவிட்டது. உரிமைக்காகக் குரல் கொடுத்தவர்களுக்கு வந்தது விளம்பரக் குப்பை. ஆனால் யார் என்ன சொன்னார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்தது. டெலிகாம் நிறுவனங்களின் வாதங்களை வரிவரியாகப் பிரித்துப் பதில் எழுத முடிந்தது. 2016 பிப்ரவரியில், இணையத்தில் எதைப் பார்க்கிறோம் என்பதை வைத்து வெவ்வேறு கட்டணம் வைக்கக் கூடாது என்று டிராய் விதி போட்டதற்கு அந்த வெளிச்சமும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். பத்து வருடம் கழித்து, 2025 ஜனவரியில் தரவு விதிகளின் வரைவு வந்தபோது ஏற்பாடு தலைகீழ். கருத்துகள் நம்பிக்கையின்பேரில் ரகசியமாக வைக்கப்படும், எந்தக் கட்டத்திலும் யாருக்கும் வெளியிடப்படாது என்று அறிவிப்பிலேயே இருந்தது. பெயரை மட்டும் மறைத்துவிட்டுக் கருத்தை வெளியிடலாம் என்ற நடுவழி இரண்டு தடவையும் யாருக்கும் தோன்றவில்லை.

மக்கள் எதிர்ப்புக்கு அரசு பணிவதே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2015 செப்டம்பரில் வந்த குறியாக்க (என்கிரிப்ஷன்) கொள்கை வரைவு, நாம் அனுப்பும் செய்திகளின் பூட்டில்லாத நகலை 90 நாள் பத்திரப்படுத்தி வைக்கச் சொன்னது. வாட்ஸாப் வைத்திருப்பவர்கள் எல்லாரும் கொதித்தார்கள். ஓரிரு நாளில் வரைவு வாபஸ். புதிய தரவு விதிகள் வந்த இரண்டாவது வாரமே, 2025 நவம்பர் 28 அன்று, எல்லாப் புதிய கைப்பேசிகளிலும் சஞ்சார் சாத்தி என்ற அரசுச் செயலியை ஏற்றியே விற்க வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை உத்தரவு போட்டது. செய்தி வெளியானதும் பெரிய சத்தம். டிசம்பர் 3 அன்று அந்த உத்தரவும் வாபஸ். அவரவர் கையில் இருக்கும் போனைத் தொட்டதும் நகரத்து நடுத்தர வர்க்கம் விழித்துக்கொண்டது.

44(3)க்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 2025 ஏப்ரலில் எதிர்க்கட்சி எம்.பி.க்கள் 120க்கும் மேற்பட்டோர் அதை நீக்கச் சொல்லிக் கூட்டாகக் கடிதம் கொடுத்தார்கள். சட்ட ஆணையத்தின் முன்னாள் தலைவர் நீதிபதி ஏ.பி. ஷா கடிதம் எழுதினார். தகவல் உரிமை இயக்கத்தினரும் பத்திரிகையாளர் அமைப்புகளும் ஊர் ஊராகக் கூட்டம் போட்டார்கள். செய்தித்தாளில் எட்டாம் பக்கத்தைத் தாண்டி அது நகரவில்லை. ரேஷன் கடை இருப்புப் பதிவேட்டையும், முதியோர் உதவித்தொகைப் பட்டியலையும் கேட்டு மனு போடுகிறவர்களின் கோபம் டிரெண்டிங் ஆவதில்லை. டிஜிட்டல் உரிமைக்காகப் பேசும் வட்டத்தில்கூட இரண்டு மனது இருந்ததைப் பார்த்திருக்கிறேன். தரவுச் சட்டம் வேண்டும் என்று இத்தனை வருடம் கேட்டவர்களுக்கு, வந்த சட்டத்தை எதிர்க்கக் கொஞ்சம் தயக்கம்.

இப்போது திருத்தத்தை எதிர்க்கும் மனுக்கள் உச்ச நீதிமன்றத்தில் இருக்கின்றன. தீர்ப்பு வரும்வரை மனு எழுதுகிறவர்கள் தங்கள் பாணியை மாற்றிக்கொண்டுதான் ஆக வேண்டும். நகல் கேட்பதற்குப் பதிலாகக் கோப்பை நேரில் பார்வையிடக் கேட்கலாம். சட்டத்தின் 2(ஜெ) பிரிவில் அந்த உரிமை இருக்கிறது. ‘இன்னார் எங்கெங்கே அளந்தார்’ என்று கேட்காமல், இன்ன தேதியில் இந்த ஒன்றியத்தில் அளக்கப்பட்ட எல்லாப் பணிகளின் எம்-புக் பக்கங்களையும் கேட்கலாம். அலுவலகங்கள் தாமாகவே வெளியிட வேண்டியவற்றை 4ஆம் பிரிவு பட்டியலிடுகிறது; ஊழியர்களின் மாதச் சம்பளமும், மானியத் திட்டப் பயனாளிகளின் விவரமும், சலுகை உரிமங்கள் பெற்றவர்களின் விவரமும் அதில் வருகின்றன. அந்தப் பிரிவைத் திருத்தவில்லை. அதைப் பிடித்துக்கொள்ளலாம்.

மனுவின் கடைசியிலும் ஒரு பத்தி கூடியிருக்கிறது. ‘மேற்கண்ட தகவல் தனிப்பட்ட தகவல் தொடர்பானது எனத் தாங்கள் கருதினால், பிரிவு 8(2)இன்படி பொதுநலனைப் பரிசீலித்து, வழங்க மறுக்கும் பட்சத்தில் அதற்கான காரணத்தை எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்கவும்.’ அதன் கீழே கையெழுத்து, தேதி. மேலே ஓரத்தில் ஒட்டும் கோர்ட் ஃபீ ஸ்டாம்பு மட்டும் பழையபடி பத்து ரூபாய்தான்.